கடைசிப் பக்கத்தில் இருந்த வரி

மார்ச் 17, திங்கள்

காலை: இட்லி மூன்று. மதியம்: சோறு ஒரு கரண்டி, கீரை, மோர். மாலை: சர்க்கரை இல்லாத டீ. அதை டீ என்று சொல்வது டீக்கு அவமானம்.

சாப்பிடுவதை எல்லாம் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டு வரவேண்டும் என்று சர்க்கரை டாக்டர் சொல்லிவிட்டார். "சட்டமன்ற உறுப்பினருன்னு பாக்க மாட்டேன், நோட்டக் காட்டுனாத்தான் மருந்து" என்கிறார். தொகுதியில் எல்லோரும் என்னைப் பார்த்துப் பயப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இவர் ஒருவர் மிச்சம்.

புது நோட்டு எதற்கு என்று வீட்டில் கிடந்த டைரியை எடுத்தேன். வரதாம்பிகை நூற்பாலைக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்தது. பக்கத்துக்குப் பக்கம் மில் வாசலின் படம் போட்டிருக்கிறது. தாள் நன்றாக வழுவழுப்பாக இருக்கிறது. சாப்பாட்டை எழுதிய பிறகும் பக்கத்தில் இடம் நிறைய இருப்பதால் மற்றதையும் எழுதலாம். அரசியலில் முப்பது வருடம் இருப்பவன் கைவசம் எழுத விஷயமா இல்லை?

மார்ச் 19, புதன்

காலை: கேப்பைக் களி. வசந்தாமணியின் தண்டனை.

வேலாயுதம்புதூர் பெண்கள் வந்தார்கள். எல்லோரும் வரதாம்பிகை மில்லில் வேலை செய்பவர்கள். தலைமை தாங்கி வந்தது சகாயமேரி. சங்கச் செயலாளர். அந்த அம்மாள் வாசலில் செருப்பை விடும்போதே அலுவலகத்தில் மற்ற மனுக்காரர்கள் நகர்ந்து இடம் விட்டுவிடுவார்கள். அப்படி ஒரு குரல்.

"அண்ணே, பாலம் கேக்க வரல. சுரங்கப்பாதை கேக்க வரல. அதெல்லாம் டெல்லிக்காரன் தரணும், எங்க பேத்தி காலத்துல தருவான். எங்களுக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு."

விஷயம் இதுதான். ஊர் நாலுவழிச் சாலைக்கு ஒரு பக்கம். மில் வண்டி வேலை விட்டு வரும்போது எதிர்ப்பக்கம் இறக்கிவிட்டுப் போய்விடுகிறது. கொஞ்ச தூரம் தள்ளிப் போய்த் திரும்பி வந்தால் ஊர்ப்பக்கமே இறக்கலாம். டீசல் செலவு, அடுத்த நடைக்கு நேரமாகிறது என்று மில்லில் மாட்டேன் என்கிறார்கள். நூறு பெண்கள் பறக்கிற கார்களுக்கு நடுவில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். "வண்டி ஊர்ப்பக்கம் வந்து இறக்க வேண்டும் என்று தொழிலாளர் துறை உத்தரவு போட வேண்டும்." சட்டமன்றத்தில் நான் இந்த ஒரு வரியைச் சொன்னால் போதும் என்றாள்.

கூட வந்த ஒரு சின்னப் பெண் நின்றபடியே குறுக்கே பேசினாள். பெயர் நதியா. கைக்குழந்தைக்காரி. "எதுக்குக்கா இவர்கிட்ட? ரோட்டுல உக்காருவோம். அரை மணி நேரம் வண்டி நின்னா கலெக்டரே வருவாரு."

"சும்மா இருடீ. மறியல் தேதி குறிச்சாச்சு, அது அதுபாட்டுக்கு இருக்கு. அண்ணன் பேசிட்டாருன்னா கேசு வாங்காம காரியம் முடியும்ல?" என்று மேரி அவளை அடக்கினாள்.

பேசுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். தொழிலாளர் நலத்துறை மானியக் கோரிக்கையில் எனக்குத்தான் வாய்ப்பு. மேரி பார்வையாளர் மாடத்துக்கு அனுமதிச் சீட்டுக் கேட்டாள், நேரில் கேட்க வேண்டுமாம். தாராளமாக வா என்றேன். பெண்களைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மனதாரச் சொல்கிறேன். இதை டாக்டர் படித்தாலும் பரவாயில்லை.

மார்ச் 22, சனி

காலை: இட்லி மூன்று. மதியம்: எழுதும் மும்முரத்தில் கவனிக்கவில்லை.

அமைச்சரவை மாற்றம் என்று பேச்சு அடிபடுகிறது. நம் மாவட்டத்துக்கு ஒரு இடம் பாக்கி. எனக்கு ஆசை ஒன்றும் கிடையாது. ஆனால் கொடுத்தால் மறுப்பது மரியாதை இல்லை.

பேச்சைத் தயார் செய்தேன். முதலமைச்சராக இருக்கும் நம் தலைவருக்கு நன்றி சொல்லித்தான் தொடங்க வேண்டும், அது மரபு. எல்லோரும் சொல்லும் அதே "பொற்கால ஆட்சி"யைச் சொன்னால் யார் காதில் ஏறும்? உட்கார்ந்து ஒன்று கட்டினேன்.

பசித்தவர்க்குச் சோறே,
பாலைக்கு வந்த ஆறே,
பாதிவழி நின்றவர்க்குத் தேரே!

வசந்தாமணியிடம் படித்துக் காட்டினேன். அவள் கேஸ் அடுப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். சிலிண்டர் எடை குறைவாம், மாதம் முடியும் முன் தீர்ந்துவிட்டதாம். "சட்டசபையில நுகர்வோர் குழுவுல இருக்கீங்க, நம்ம வீட்டு சிலிண்டர நிறுத்துப் பாக்க நாதியில்ல. தேரு, ஆறுன்னுட்டு" என்றாள். ரசனை என்பது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

மேரியின் வரியைக் கடைசிப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். முத்தாய்ப்பாக இருக்கும்.

மார்ச் 24, திங்கள். சென்னை

காலை: விடுதி கேன்டீன் பொங்கல். வடை வைத்தார்கள், தொடவில்லை. பாதிதான் தொட்டேன்.

பேச்சு பிரமாதம். சும்மா சொல்லக்கூடாது, எதிர்வரிசையில்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அடுக்குமொழியைச் சொன்னதும் தலைவர் என் பக்கம் திரும்பிச் சிரித்தார். மேசையைத் தட்டினார்கள். அவையே கேட்டுக்கொண்டதால் இன்னொரு முறை சொல்ல வேண்டியதாயிற்று. அதற்குள் பேரவைத் தலைவர் மணி அடித்துவிட்டார். எட்டு நிமிடம் என்பது ஒரு நேரமா? நூலகக் கட்டடம், சமுதாயக் கூடம், மேரியின் விஷயம் எல்லாம் கடைசிப் பக்கத்திலேயே நின்றுவிட்டன. "முடிச்சிடுங்க, முடிச்சிடுங்க" என்றார். ஒலிவாங்கியும் போய்விட்டது.

மாடத்தைப் பார்த்தேன். மேரி இல்லை. பார்வையாளர்களைக் கூட்டம் கூட்டமாக எழுப்பி அடுத்தவர்களை உட்கார வைப்பார்கள். அவள் முறை முடிந்து வெளியே அனுப்பியிருக்கிறார்கள். அப்படியே ரயிலுக்குப் போய்விட்டாள் போலிருக்கிறது.

பரவாயில்லை. துறை அமைச்சரை நேரில் பார்த்துச் சொன்னால் ஆயிற்று. வெளியே வரும்போது கொறடா முதுகில் தட்டினார். "தேரே! அடி தூள்யா" என்றார்.

மார்ச் 25, செவ்வாய்

காலையில் உதவியாளர் சிகாமணி ஊரிலிருந்து போன் செய்தான். மாவட்டப் பக்கத்தில் நாலு பத்தி வந்திருக்கிறதாம். "நூற்பாலைப் பெண்களுக்காகப் பேரவையில் எம்.எல்.ஏ. அழகுமலை முழக்கம்."

வழக்கம் அதுதான். பேசப்போவதைத் தட்டச்சு செய்து காலையிலேயே மாவட்ட நிருபர்களுக்குக் கொடுத்துவிடுவோம். அவர்களும் பேசியதாகவே போட்டுவிடுவார்கள். எல்லோரும் செய்வதுதான்.

மறுப்பு அனுப்பலாமா என்று யோசித்தேன். "நான் இதைப் பேசவில்லை" என்று எந்த அரசியல்வாதியாவது மறுப்பு அனுப்பியிருக்கிறானா? ஊர் சிரிக்கும். அமைச்சரைப் பார்க்கப் போனேன். அறையில் கூட்டம், திரும்பிவிட்டேன். நாளைக்குப் பார்க்கலாம்.

மார்ச் 28, வெள்ளி. ஊர்

காலை: இட்லி மூன்று. மாலை: மைசூர்பாகு ஒன்று (விழாவில், தவிர்க்க முடியவில்லை).

வேலாயுதம்புதூரில் நன்றி அறிவிப்புக் கூட்டம். வேண்டாம் என்றுதான் சொன்னேன். சிகாமணி "போகலைன்னா தப்பா நெனைப்பாங்கய்யா" என்றான். பறையடித்து அழைத்துப் போனார்கள். மேரி என் தோளில் பொன்னாடை போர்த்தினாள். மைசூர்பாகை வாயிலேயே ஊட்டினார்கள்.

"பாதியிலேயே எங்கள எழுப்பி விட்டுட்டாகண்ணே. 'பாலைக்கு வந்த ஆறே'ன்னு தலைவரப் பத்திச் சொல்லிட்டு இருந்தீக, அம்புட்டுதான் கேட்டேன். பெறகு நம்ம விசயத்தப் போட்டுத் தாக்குனீகளாமே? பேப்பரப் பாத்து ஊரே அழுதுருச்சு" என்றாள்.

நான் தலையை ஆட்டினேன். அது ஆமாம் என்ற ஆட்டல் இல்லை. இல்லை என்ற ஆட்டலும் இல்லை.

பொன்னாடை போர்த்திய கையோடு மேரி ஒலிபெருக்கியில் அறிவித்தாள். "அண்ணனே அரசாங்கத்துல பேசிட்டாரு. அதனால திங்கக்கிழம மறியல் கெடையாது." பெண்கள் கைதட்டினார்கள். அந்த நதியா மட்டும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"பேப்பர்ல வந்துட்டா வண்டி திரும்பிருமாக்கா? உத்தரவு வர்ற மட்டும் மறியல ஒத்திப்போடாதீக."

"அண்ணன் வாய்ல இருந்து வந்துருச்சுல்ல? அதுக்கு மேல என்னடி உத்தரவு? உக்காரு" என்றாள் மேரி. எல்லோரும் சிரித்தார்கள். நதியா உட்கார்ந்தாள்.

நானும் சிரித்தேன். வீடு வந்து பொன்னாடையை மடித்து பீரோவில் வைக்கக் கொடுத்தேன். வசந்தாமணி வாங்கி வைத்துவிட்டு என் முகத்தை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

ஏப்ரல் 1, செவ்வாய்

அமைச்சர் வெளியூர்.

ஏப்ரல் 3, வியாழன்

பொழுது சாயும் நேரத்தில் நாலுவழிச் சாலையில், வேலாயுதம்புதூர் பிரிவில் விபத்து. மில் வண்டி எதிர்ப்பக்கம் இறக்கிவிட்டிருக்கிறது. கார் நிற்காமல் போய்விட்டது. அடிபட்டது நதியா.

ஏப்ரல் 4, வெள்ளி

காலை எதுவும் இல்லை.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். உயிருக்கு ஆபத்து இல்லை. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மயக்கத்தில் இருந்தாள். அவள் புருஷன் லாரி கிளீனர், நெல்லூரில் இருந்து வந்துகொண்டிருந்தான். குழந்தை யாரோ ஒரு பெண்ணின் மடியில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது. என் சட்டைப் பையில் இருந்த பேனாவை எட்டிப் பிடித்து இழுத்தது. கொடுத்துவிட்டேன்.

நதியாவின் மாமியார் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "நீங்க பேச வேண்டியதப் பேசிட்டீக சாமி. எங்க விதி, உத்தரவு வர்றதுக்குள்ள இப்படி ஆகிப்போச்சு."

எனக்குக் கையை உருவத் தெரியவில்லை.

மேரி ஒரு மூலையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் குரலே எழும்பவில்லை. "அவ சொன்னாண்ணே. உத்தரவு வர்ற மட்டும் ஒத்திப்போடாதன்னு அத்தன பேரு முன்னாடி சொன்னா. நாந்தான் உக்காருடீன்னேன். மாதாவே, நாந்தான் உக்கார வச்சேன்."

"உங்க மேல தப்பு இல்லம்மா" என்றேன். அதற்கு அடுத்த வாக்கியம் ஒன்று இருந்தது. அது வாயில் இருந்து வரவில்லை. நிருபர் ஒருவர் படம் எடுத்தார். ஆறுதல் கூறும் எம்.எல்.ஏ.

ஏப்ரல் 6, ஞாயிறு

காலை: இட்லி ஒன்று.

கொறடா போன் செய்தார். விபத்தைப் பற்றி எதிர்க்கட்சி கேட்கக்கூடும், நான் அவையில் எதையும் கிளப்ப வேண்டாமாம். "ஏற்கெனவே கோரிக்கை வச்சும் அரசு கண்டுக்கலைன்னு ஆயிரும்யா. பேப்பர்ல நீ பேசுனதா வந்துருக்குல்ல?" என்றார். பேசவில்லை என்பது அவருக்குத் தெரியும். அங்கேதான் உட்கார்ந்திருந்தார். எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், பேப்பருக்கு மட்டும் தெரியாது.

மதியம் வசந்தாமணி சோற்றைப் போட்டுவிட்டுத் தன் போனை இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். நம் கட்சிப் பையன்கள் என் பேச்சை முழுசாகப் போட்டிருக்கிறார்கள். பின்னணியில் நாதஸ்வரம் வேறு. ஓடி முடிந்தது. மணி அடித்தது, நான் உட்கார்ந்தேன்.

"அந்தப் புள்ளைக விசயம் எங்கங்க?"

"நேரம் போதல."

"தேர மட்டும் ரெண்டு தடவ இழுத்தீங்களே."

"அவை கேட்டுச்சு வசந்தா."

அவள் திரும்ப ஓட்டிக் காட்டினாள். முதல் தடவை சொன்னதும் மேசை தட்டுகிறார்கள். ஒருவர்கூட "மறுபடி" என்று சொல்லவில்லை. நான் தலைவரைப் பார்க்கிறேன், அவர் ஏதோ காகிதத்தைப் பார்க்கக் குனிகிறார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொல்கிறேன்.

வசந்தாமணி போனை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். திட்டியிருக்கலாம். முப்பது வருடமாகத் திட்டுகிறவள்தானே. இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

ஏப்ரல் 9, புதன். சென்னை

அமைச்சரை அவை முகப்பில் மடக்கிவிட்டேன். மூன்று பேர் அவரிடம் பேசிக்கொண்டிருந்தார்கள், இடித்துக்கொண்டு உள்ளே போனேன். வேலாயுதம்புதூர், மில் வண்டி, ஊர்ப்பக்கம் இறக்க வேண்டும். நின்ற நிலையில் சொல்லி முடித்தேன். என்னையறியாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், கஷ்டமான வேலை என்று சொல்லிவிட மாட்டாரா என்று. சட்டச் சிக்கல், டெல்லி அனுமதி, ஏதாவது ஒன்று.

"இம்புட்டுதானா?" என்றார். தன் உதவியாளரைக் கூப்பிட்டார். உதவியாளர் அங்கேயே தொழிலகப் பாதுகாப்பு அதிகாரிக்குப் போன் போட்டார். அமைச்சர் வாங்கிப் பேசினார். "அந்த மில்லுக்கு இன்னிக்கே நோட்டீஸ் குடுங்க. வண்டி ஊர்ப்பக்கம்தான் எறக்கணும். ஆமா. வேற மில்லுகளுக்கும் சேத்து அனுப்புங்க." போனைக் கொடுத்துவிட்டு என் தோளில் கை போட்டார்.

"யோவ், இத அன்னிக்கே ஒரு துண்டுச் சீட்டுல எழுதி நீட்டியிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்குமேய்யா. இதுக்கு எதுக்கு மானியக் கோரிக்கை?"

நன்றி சொன்னேன். கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவினேன். பக்கத்தில் கை கழுவிய உறுப்பினர் ஒருவர் "அண்ணே, அந்தத் தேர் கவித, உங்க சொந்தச் சரக்கா?" என்று கேட்டார். குழாயை மூடாமலே வெளியே வந்துவிட்டேன்.

ஏப்ரல் 12, சனி

வண்டி ஊர்ப்பக்கம் வந்து இறக்கியது.

ஏப்ரல் 19, சனி

காலை: கேப்பைக் களி. டாக்டரிடம் இந்த வாரம் போக வேண்டும், போகவில்லை.

மேரி வீட்டுக்கு வந்தாள். வாசலில் செருப்பை விட்ட சத்தமே கேட்கவில்லை. சங்கத்தில் இருந்து விலகிவிட்டாளாம். தகவல் சொல்லிவிட்டுப் போக வந்திருக்கிறாள்.

"ஏம்மா? வண்டிதான் திரும்பிருச்சே. உங்க சங்கத்துக்குக் கெடச்ச வெற்றிதான?"

"யாரு முகத்துலண்ணே முழிக்கிறது? நதியா வீட்டு வழியா தண்ணிக்குப் போக முடியல, சுத்திப் போறேன். அவ ஒரு வார்த்த என்னயத் திட்டல. 'நீ என்னக்கா செய்வ, எம்.எல்.ஏ.வே பேசிட்டாருன்னு நம்புன'ங்கிறா. அதுதான் ஈரக்குலைய அறுக்குது. மறியல் பண்ணியிருந்தா அந்தத் திங்கக்கிழமையே வண்டி திரும்பியிருக்கும். அவ காலு இருந்துருக்கும். இனி நாலு பேரு முன்னாடி நின்னு 'இதச் செய்யி, அதச் செய்யி'ன்னு சொல்ல எனக்கு என்ன யோக்கியத இருக்கு?"

இந்த இடத்தில்தான் சொல்லியிருக்க வேண்டும். கூடத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். "மேரி, நான் பேசவே இல்லை" என்று நாலு சொல். நான் வசந்தாமணியைக் கூப்பிட்டுக் காப்பி கொண்டுவரச் சொன்னேன். மேரி வேண்டாம் என்றாள், நான் வற்புறுத்தினேன். குடித்துவிட்டுப் போனாள்.

வசந்தாமணி தம்ளரை எடுக்க வந்தாள். "சொன்னீங்களா?" என்றாள்.

"சமயம் வரட்டும்."

"அந்தப் பொம்பள தலையில உங்க பாரத்த ஏத்திவிட்டுட்டு, காப்பி வேற குடுத்து அனுப்புறீங்க." சத்தம் போடாமல் சொன்னாள்.

வெட்கமாக இருக்கிறது. வேறு பெரிய வார்த்தை தேடிப் பார்த்தேன், எனக்கு வார்த்தைக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் இதுதான். வெட்கம். வேட்டி அவிழ்ந்ததைக் கவனிக்காமல் மேடையில் நிற்கிறவனுக்கு ஆகுமே, அது. எனக்கு அவிழ்ந்தது தெரியும், தெரிந்தே நிற்கிறேன்.

ஒன்றை இங்கேயாவது எழுதிவிடுகிறேன். மணி அடிக்கும் என்று எனக்குத் தெரியும். எதிரே கடிகாரம் இருந்தது. இரண்டாவது தடவை சொல்லத் தொடங்கும்போது கடைசிப் பக்கத்துக்கு நேரம் இருக்காது என்று தெரிந்தேதான் தொடங்கினேன். அந்த நேரத்தில் எனக்கு மேரியும் இல்லை, நூறு பெண்களும் இல்லை. தலைவர் இன்னொரு தடவை திரும்பிச் சிரிப்பாரா என்பது மட்டும்தான் இருந்தது.

அவர் திரும்பவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

அமைச்சரவை மாற்றம் அறிவித்துவிட்டார்கள். பக்கத்துத் தொகுதிக்காரருக்குக் கொடுத்திருக்கிறார்கள். அவர் இந்தக் கூட்டத்தொடரில் வாயே திறக்கவில்லை. சிரிப்புதான் வந்தது, வசந்தாமணிகூடச் சிரித்துவிட்டாள்.

வேலாயுதம்புதூரில் அடுத்த ஞாயிறு மறுபடி நன்றிக் கூட்டமாம். வண்டி திரும்பியதற்கு. சிகாமணி தேதி கொடுத்துவிட்டுத்தான் என்னிடம் சொல்கிறான். ரத்துச் செய்யச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

மே 4, ஞாயிறு

காலை: எதுவும் இறங்கவில்லை. தண்ணீர்.

பிரிவில், ஊர்ப்பக்கம், வண்டி வந்து நிற்கிற இடத்திலேயே சாமியானா போட்டிருந்தார்கள். முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் நதியா. ஆட்டோவில் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறார்கள். மடியில் குழந்தை. சேலையின் ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. என் பேனா குழந்தையின் கையில் இருந்தது, மூடியைக் கடித்துக்கொண்டிருந்தது. மேரியை மேடையில் காணவில்லை. கூட்டத்தின் கடைசியில், கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றாள்.

புதிய செயலாளர் வரவேற்றார். தட்டில் பொன்னாடை தயாராக இருந்தது. போர்த்துவதற்கு முன்னால் பேசுகிறேன் என்று ஒலிவாங்கியை வாங்கினேன்.

வாய் தானாக "எட்டுத் திக்கும் புகழ் பரப்பும் எங்கள் தலைவர் அவர்களின் நல்லாசியோடு" என்று தொடங்கிவிட்டது. பாருங்கள், அந்த நிலையிலும்! பாதியில் நிறுத்தினேன்.

"அன்னிக்கு சட்டமன்றத்துல உங்க விசயத்தப் பத்தி நான் ஒரு வார்த்த பேசல" என்றேன்.

மூச்சு வாங்க நின்றேன். நான் நிறுத்தினால் கைதட்டுவது நம் ஆட்களுக்குப் பழக்கம். பின்னால் நின்ற நம் கட்சிக்காரர்கள் தட்டினார்கள். சிகாமணி ஓடிப்போய் அவர்கள் கையைப் பிடித்தான்.

"தட்டாதீங்க. பேப்பர்ல வந்தது பொய். பேசுறதுக்கு முன்னாடியே நாங்க அடிச்சுக் குடுத்தத அவங்க அப்படியே போட்டாங்க. அது பொய்ன்னு தெரிஞ்சுக்கிட்டேதான் நீங்க போத்துன பொன்னாடைய வாங்கிட்டுப் போனேன். என்னய நம்பித்தான் மேரி மறியல நிறுத்துச்சு. அது மேல ஒரு பழியும் கெடையாது. நான் அன்னிக்கே இந்த மேடையில உண்மையச் சொல்லியிருந்தா மறியல் நடந்திருக்கும்."

யாரும் கத்தவில்லை. கல்லெடுத்து எறிந்திருந்தால்கூட ஓடியிருப்பேன். நாலுவழிச் சாலையில் லாரிகள் போகிற சத்தம்தான்.

நதியா முதலில் என்னைப் பார்க்கவில்லை. நாற்காலியில் இருந்தபடியே உடம்பைத் திருப்பி, "மேரியக்கா, இங்க வா" என்று கூப்பிட்டாள். மேரி வரவில்லை. "வாக்கா. கேட்டேல்ல? வா." மேரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வந்தாள். நதியா அவள் கையைப் பிடித்துப் பக்கத்து நாற்காலியில் இழுத்து உட்கார வைத்தாள். குழந்தையைத் தூக்கி அவள் மடியில் போட்டாள். பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

"எம்புட்டு நேரம் குடுத்தாக உங்களுக்கு?"

"எட்டு நிமிசம்மா."

"எட்டு நிமிசத்துல என்ன பேசுனீக?"

"தலைவருக்கு நன்றி சொன்னேன்."

"என்னன்னு சொன்னீக? எங்களுக்கும் சொல்லுங்க, கேப்போம்."

கேலி இல்லை அது. கோபமும் தெரியவில்லை. தன் காலுக்குப் பதிலாக எது பேசப்பட்டது என்று தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். நான் சிகாமணியைப் பார்த்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

சொன்னேன். பசித்தவர்க்குச் சோறே, பாலைக்கு வந்த ஆறே என்று சொல்லிவிட்டு, மூன்றாவது வரிக்கு முன்னால் நிறுத்தினேன். விடவில்லை அவள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பாதிவழி நின்றவர்க்குத் தேரே என்று முடித்தேன்.

நம் ஆட்கள்கூடத் தட்டவில்லை.

"அம்புட்டுதானா?" என்றாள்.

"ரெண்டு தடவ சொன்னேம்மா" என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். மேரி குழந்தையின் கையில் இருந்த பேனாவை வாங்கி, துடைத்து, புதிய செயலாளரிடம் கொடுத்து அனுப்பினாள். அது என் கைக்கு வந்து சேர்ந்தது. பொன்னாடை தட்டிலேயே இருந்தது. மேடையை விட்டு இறங்கி நடந்தேன். யாரும் வழி மறிக்கவில்லை, யாரும் வழியனுப்பவும் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது வசந்தாமணிக்குத் தெரிந்திருந்தது. யாரோ போனில் சொல்லியிருப்பார்கள். பீரோவைத் திறந்து பழைய பொன்னாடையை எடுத்து வெளியே வைத்திருந்தாள். நாளைக்கு மேரி வீட்டில் திருப்பிக் கொடுக்க வேண்டும். வாங்குவாளோ என்னவோ. சோறு போட்டாள், சாப்பிட்டேன்.

நாளைக்கே டாக்டரிடமும் போக வேண்டும். இதை அப்படியே கொடுத்துவிடப் போகிறேன், முழுவதையும் படிக்கட்டும். ஒரு திருத்தம் மட்டும் இருக்கிறது. மார்ச் 28 அன்று மைசூர்பாகு ஒன்று என்று எழுதியிருக்கிறேன். ஒன்று இல்லை. அந்தப் பெண்கள் வரிசையாக வந்து ஆளுக்கு ஒரு துண்டு ஊட்டினார்கள், நான் வாயைத் திறந்துகொண்டே இருந்தேன். நதியாவும் ஊட்டினாள்.